கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆர்டி ரூம்: 9 சென்டிமீட்டர் சுவருக்காகப் பட்ட பாடு

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங்கின் உள்ளே குறை இருக்கிறதா என்று காமா கதிரால் படம் எடுக்க (இதுதான் ஆர்டி, ரேடியோகிராபி டெஸ்டிங்), இரிடியம்-192 என்ற கதிர்வீச்சு சோர்ஸுக்கு ஒரு ரூம் தேவைப்பட்டது. ஆர்எஸ்ஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) பொறுப்பு என்னுடையது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் வரைபடம் ஏற்றி ஒப்புதல் வாங்கியதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் எல்லாம் காண்ட்ராக்டரிடம்தான்.

வரைபடத்தில் கான்கிரீட் சுவர் 45 செ.மீ. சென்ட்ரிங் பிரித்த பிறகு, கேபிள் குழாய்க்கு விட்ட ஓட்டை வழியாக டேப்பை விட்டுப் பார்த்தால், பக்கத்து ஷெட்டை ஒட்டிய சுவர் 36தான் இருந்தது. கேட்டதற்கு, "அஞ்சுல ஒரு பங்குதான அண்ணாச்சி கொறைஞ்சிருக்கு, மீதி இருக்குல்லா?" என்றார். அந்த ஷெட்டில் நாள் முழுக்கப் பெண்கள் பேக்கிங் வேலை பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

கனம் ஐந்தில் ஒன்று குறைந்தால் கதிர் ஐந்தில் ஒன்று கூடும் என்பது அவர் கணக்கு. காமா கதிர் அப்படி நடக்காது. இரிடியத்துக்குச் சுமார் நாலரை செ.மீ. கான்கிரீட் ஒரு பாதி. ஒவ்வொரு நாலரைக்கும், வந்ததில் பாதிதான் அந்தப் பக்கம் போகும். 45 செ.மீ.யில் பத்துப் பாதி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 36-இல் எட்டுப் பாதி, 256-இல் ஒரு பங்கு. கதிர் நாலு மடங்கு! கதிர்வீச்சு வேலை பார்க்கும் நமக்கு ஆண்டுச் சராசரி 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரின் அளவு) வரை அனுமதி உண்டு, வாங்கியதை அளக்கும் டிஎல்டி பேட்ஜும் உண்டு. அந்தப் பெண்கள் பொதுமக்கள் கணக்கு, ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்தான்.

ஈயத்தகடு ஒட்டித் தருகிறேன் என்றார். ஒரு செ.மீ.க்கு மேல் வேண்டும், விலையும் அதிகம், சரியாகத் தாங்கு கொடுக்காவிட்டால் நாளாக நாளாகத் தொய்ந்து மேலே இடைவெளி விடும். ஒப்புக்கொள்ளவில்லை. பில்லை நிறுத்திவைத்த பிறகுதான் ஆள் இறங்கிவந்தார். கம்பி அடித்து, வெளிப்பக்கம் 10 செ.மீ. கான்கிரீட் போட வைத்தேன். நேராகப் போன கேபிள் குழாயையும் வளைத்துப் போட்டோம். நேர் ஓட்டை இருந்தால் சுவர் எத்தனை கனமாக இருந்தும் அந்த இடத்தில் பயனில்லை.

ரூம் கட்டப் போகிறவர்கள் கனத்தோடு கான்கிரீட்டின் அடர்த்தியையும் (ஒரு கன செ.மீ.க்கு 2.35 கிராம்) ஒர்க் ஆர்டரில் எழுதிவிடுங்கள். ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் ஊற்றும் முன்பே சென்ட்ரிங் இடைவெளியை அளந்து போட்டோ எடுங்கள். அப்புறம், கதிரை அளக்கும் சர்வே மீட்டர் பிடிக்கும் நாளில் சோர்ஸ் புதிதா என்று பாருங்கள். இரிடியம் 74 நாளில் பாதியாகிவிடும். பழைய சோர்ஸில் மெல்லிய சுவர்கூட நல்ல சுவராகத் தெரியும். மீட்டர் காட்டுவதை, அந்த ரூமுக்கு அனுமதித்த அதிகபட்ச கியூரிக்கு (சோர்ஸின் வலிமை) கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.