முரசின் மேல் பகடை: மூன்றாவது தகடு

எட்சிங் பழகுகிறேன், அதாவது பூச்சு பூசிய உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோடுகளை அமிலம் போன்ற கரைசலில் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுப்பது. மூன்றாவது தகடும் சொதப்பல்தான், ஆனால் இந்த முறை பாதி தேறியது, அதனால் எழுதி வைக்கிறேன்.

பதினேழாம் நூற்றாண்டு எட்சிங் கலைஞர் ஜாக் காலோ 1633-ல் வெளியிட்ட ‘போரின் பெருந்துயரங்கள்’ வரிசையில் மொத்தம் 18 படங்கள், ஒவ்வொன்றும் சுமார் 8 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம்தான். நான் நகலெடுக்க எடுத்தது அதில் தூக்கிலிடும் காட்சி. நடுவில் பெரிய மரம், அதில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் கொள்ளைக்காரச் சிப்பாய்கள், கீழே வலப்பக்கம் சிலர் முரசின் மேல் பகடை உருட்டுகிறார்கள்! முழுவதையும் தொட துணிச்சல் இல்லை, அந்த முரசும் அதைச் சுற்றியுள்ள ஆட்களும் பின்னால் தெரியும் ஈட்டி வரிசையும் மட்டும் போதும் என்று ஆரம்பித்தேன்.

முதல் தகட்டில் படத்தை அப்படியே பார்த்து வரைந்துவிட்டேன். அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறி, இடது இடுப்பில் தொங்க வேண்டிய வாள் வலது இடுப்பில் வந்து நின்றது. இரண்டாவதில் தேன்மெழுகுப் பூச்சு, கரைசலில் இரண்டாம் முறை முக்கியதுமே செதில் செதிலாக உரிந்து வானமெல்லாம் அம்மைத் தழும்பு.

அப்புறம்தான் காலோவின் வழி உறைத்தது. மெழுகை விட்டுவிட்டு, லூட் இசைக்கருவி செய்பவர்கள் பூசும் கெட்டி வார்னிஷை அவர் தகட்டுக்குப் பயன்படுத்தினார், அது எத்தனை முறை அமிலத்தில் போட்டாலும் அசையாது. 1645-ல் ஆபிரகாம் போஸ் எழுதிய எட்சிங் கையேட்டில் இந்த முறை விவரமாக இருக்கிறது. நானும் ஆளிவிதை எண்ணெயில் பிசினைக் காய்ச்சி, தகட்டில் பூசி, அது பழுப்பாகும்வரை அடுப்பில் வாட்டினேன். வீடு முழுக்க நாற்றம், அதைச் சொல்லாமல் விட முடியாது.

சர்க்யூட் போர்டு அரிக்கிற ஃபெரிக் குளோரைடில் முதலில் ஐந்தே நிமிடம். எடுத்துக் கழுவி, தூரத்து ஈட்டிகளை வார்னிஷால் மூடிவிட்டு, மீதியை மறுபடி இருபது நிமிடம், பிறகு முன்னால் இருக்கும் ஆட்களை மட்டும் இன்னும் அரை மணி. தூரத்தில் இருப்பவர்கள் புகை மாதிரி வெளிறி, கிட்டத்தில் இருப்பவர்கள் கறுத்து வருவது இந்தக் கணக்கில்தான். ஈட்டிகள் நிஜமாகவே தள்ளிப் போய் நின்றன, பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

முரசுதான் கெட்டது. நிழலுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டேன், அரிப்பில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கரிக்குழி. காலோவின் ஆட்களில் குறுக்குக் கோடு ரொம்பக் குறைவு, ஒரே திசையில் மெலிந்து தடித்து மெலியும் கோடுகள்தான் உடம்பின் வளைவைக் காட்டுகின்றன. அதற்கு அவர் வைத்திருந்தது எஷாப் என்ற, முனை சாய்வாகத் தீட்டிய ஊசி. விரலுக்குள் உருட்ட உருட்டக் கோடு தடிக்கும். நானும் ஒரு கோணி ஊசியைச் சாணைக் கல்லில் சாய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் பிசிறு இருக்கிறது. நாளைக்கு ஒரு துண்டுத் தகட்டில் வெறும் முரசு.