கல்குடாவில் கிளாண்ட் மாற்றிய மூன்று நாள்

அத்தானின் பாய்ப்படகு 32 அடி நீளம். நீருக்குக் கீழே ஐந்தரை அடி இறங்கி நிற்கும். எந்தக் கரைக்குப் போகலாம், எங்கே போக ஏலாது என்பதை அந்த ஐந்தரை அடிதான் தீர்மானிக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் பதிவெல்லாம் முடித்து, போகும் திசையையும் சொல்லிவிட்டு, ஜூலையில் ஒருநாள் விடியப்புறம் 3 மணிக்கு நங்கூரம் எடுத்தோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் கச்சான் காலத்தில் கிழக்குக் கரையோரம் இரவில் தரைக்காற்று வீசும், கடலும் அடங்கிக் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்ப முதல் கல்குடாவுக்குப் போய்விட வேண்டும். வெயில் உச்சியில் நின்றால்தான் தண்ணீருக்குள் முருகைக்கல் (பவளப்பாறை) தெரியும். ஏறத்தாழ 45 கடல் மைல், மணிக்கு 5 மைல் வேகம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வாகரைக்கு நேரே வரும்போது காற்று விழுந்தது. இஞ்சினைப் போட்டோம். அரை மணித்தியாலத்தில் உள்ளே பலகைக்கு மேலே தண்ணீர். அத்தான் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பு. குடிதண்ணீர்த் தாங்கி ஒழுகவில்லை, கடல்தான் உள்ளே வருகிறது. டோர்ச் பிடித்துப் பார்த்தால், புரொப்பல்லர் தண்டு படகுக்கு வெளியே போகும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் கிளாண்டிலிருந்து விரல் மொத்தத்துக்குத் தண்ணீர். நட்டை இறுக்கினோம், அது கடைசி மரை வரை போய் நின்றுவிட்டது. உள்ளே தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு, அதாவது பாக்கிங், முழுக்கத் தேய்ந்திருந்தது. தண்டு சுழலாவிட்டால் ஒழுக்குக் குறையும் என்பதால் இஞ்சினை நிறுத்தி, இருந்த கொஞ்சக் காற்றுக்குப் பாய் ஏற்றி, மாறி மாறித் தண்ணீர் இறைத்துக்கொண்டு கல்குடாவுக்கு வந்து சேர்ந்தோம். நண்பகலுக்கு வரவேண்டிய நாங்கள் 4 மணிக்குத்தான் நங்கூரம் போட்டோம்.

அடுத்த நாள் காலை ஆட்டோ பிடித்து வாழைச்சேனைக்குப் போனேன். முதல் கடையில் கிரஃபைட் பாக்கிங்கைத் தந்து, எதற்கும் சரிவரும் என்றார்கள். நல்லவேளை, வாங்கிய கையோடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். நெடுநாள் படகுகளின் இஞ்சின் வேலையிலேயே தலை நரைத்தவர். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "மனே, இது உப்புத்தண்ணியில தண்டை அரிக்கும்." கொழுப்பில் ஊறிய சணல் பாக்கிங்கைத் தன் பெட்டியிலிருந்தே எடுத்தார். அளவு தெரியாமல் எதையும் வெட்டக்கூடாது என்று படகுக்கே வந்தார்.

படகைக் கரைக்கு ஏற்றாமல், தண்ணீரில் நிற்கும்போதே கிளாண்டைத் திறக்கப் போகிறார் என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. அவரோடு வந்த இளந்தாரி கிரீஸ் பூசிய துணியோடு படகின் அடியில் மூழ்கி, தண்டு வெளியே வரும் இடத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். நட்டைக் கழற்றும்போது வந்த தண்ணீர் ஒரு குவளைகூட இருக்காது. முனையில் திருகு வைத்த கம்பியால் பழைய பாக்கிங்கைத் துண்டு துண்டாக இழுத்தார். கறுத்து, காய்ந்த புகையிலை போல வந்தது. புதியதைத் தண்டில் சுற்றி, பிளேடால் சாய்வாக வெட்டி, மூன்று வளையம் செய்தார். ஒன்றின் மூட்டுக்கு நேரே அடுத்ததன் மூட்டு வராமல் திருப்பித் திருப்பிப் போட்டார். ஒரே நேரே வந்தால் தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

நட்டைக் கையாலேயே இறுக்கிவிட்டு, துணியை அவிழ்க்கச் சொன்னார். நங்கூரத்தை இழுத்தபடியே இஞ்சினைப் பின்னோக்கிக் கால் மணி நேரம் ஓடவிட்டு, கிளாண்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தார். சூடேறியதும் கொஞ்சம் தளர்த்தினார். "ஓடேக்குள்ள சொட்டவேணும். சொட்டாட்டி தண்டு சுட்டுப்போகும்." நிமிடத்துக்கு இரண்டு மூன்று துளி. நின்றால் ஒன்றும் வரக்கூடாது.

மூன்றாம் நாள் மட்டக்களப்புக்கு ஓடினோம். பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் கிடக்கும் கடலை வெளியே விட்டு வந்தோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் 50 மீட்டருக்கு மேலான ஆழத்தில் இருக்கிறது. பாலமீன்மடுவின் 1913 வெளிச்சவீடு தெரிந்தபோது எனக்கு வாவிக்குள் நுழைந்து கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் போய்விட வேண்டும் என்ற ஆசைதான். நான் பிறந்த ஊர் அது. ஆனால் முகத்துவாரத்தில் வெள்ளை நுரை உடைந்துகொண்டிருந்தது. ஃபைபர் படகில் வந்த ஒரு ஐயா எங்கள் படகின் அடியைப் பார்த்துவிட்டு, கையை இடுப்பில் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான் தண்ணீர். மழைக்கால வெள்ளம் வெட்டிவிடும் வாயைக் கோடையில் மணல் மூடும், வரைபடத்தில் உள்ள ஆழம் அங்கே செல்லாது. ஒலுவில் துறைமுகத்துக்குப் போகலாமா என்று கேட்டோம். அங்கும் வாசலில் மணல்தான் என்றார்.

அம்மா கரையில் குடையோடு நின்றா. போனில் பேசிக்கொண்டே கையசைத்தோம்.

காற்று எழும்ப முதல் வடக்கே திரும்பினோம். நான் கீழே போய் டோர்ச்சை அடித்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி எண்ணினேன். ஒரு நிமிடத்தில் இரண்டு துளி. மேலே நின்ற அத்தானுக்கு இரண்டு விரலைக் காட்டினேன்.