வேலிப் பிரண்டைக்குள் ஓர் ஊசிக்கட்டு

கார்த்திகை 5, வட்டக்கச்சி

மூன்று நாள் மழை விட்டு இன்றுதான் வெயில். வேலியில் பிரண்டை தளதளவென்று படர்ந்து கிடக்கிறது. அம்மா துவையலுக்கு இளந்தண்டாக ஒடித்து வந்தார். கைக்கு நல்லெண்ணெய் பூசாமல் உரிக்கவே விடமாட்டார். நான் அவசரத்தில் வெறுங்கையால் இரண்டு கணு உரித்துவிட்டேன். இரவு எட்டு மணியாகியும் விரலிடுக்கு கடிக்கிறது.

கார்த்திகை 6

மிச்சத் தண்டை நான் படிப்பிக்கும் உயர்தர வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிளேட்டால் மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, நுணுக்குக்காட்டியில் 400 மடங்கு பெருப்பித்துப் பார்த்தோம். பச்சைக் கலங்களுக்கு நடுவே ஒரு கலம் மட்டும் வேறு மாதிரி. உள்ளே விளக்குமாற்று ஈர்க்கைச் சேர்த்துக் கட்டியதுபோல ஒரு கட்டு. ஒவ்வோர் ஈர்க்கும் இரு முனையிலும் கூர். அத்தனையும் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள். கிரேக்கத்தில் ஊசிக்கு ராஃபிஸ் என்று பெயர். அதிலிருந்துதான் இந்த ஊசிப் பளிங்குக்கு ராஃபைட் என்ற பெயர் வந்தது.

வேர் உறிஞ்சும் கல்சியத்தில் தேவைக்கு மிஞ்சியதைச் செடி தன் ஒட்சாலிக்கமிலத்தோடு சேர்த்து, இந்தக் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள், அதாவது கலச்சாறு நிறைந்த பைக்குள், ஊசியாக வளர்க்கிறது. மிச்சத்தைப் பூட்டிவைக்கும் பெட்டியே கடிக்க வருபவனுக்கு முள்ளாகவும் ஆகிறது. இந்தச் சிக்கனம் எனக்கு எப்போதும் வியப்பு.

கார்த்திகை 7

வாய்க்கால் கரையில் பிடுங்கிய சேம்பு. ஒரு கலம் தண்ணீரில் ஊதிப்போய், முனை வழியே ஊசிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளியது. நாலு பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி கேட்டாள்: “ரீச்சர், அம்மா சேம்புக்குப் பழப்புளி விடுவா. புளியில இந்த ஊசி கரைஞ்சிடுமா?”

போன வருடம் இதே கேள்விக்கு, எந்த அமிலமும் கரைக்கும், புளியிலும் கரையும் என்று சொல்லிவிட்டேன். செய்து பார்க்காமல் சொன்னது. இன்று முழுக்க அது உறுத்துகிறது.

கார்த்திகை 8

ஆய்வுகூடத்தில் வினாகிரி இருந்தது. ஒரு சொட்டு விட்டோம். ஊசிகள் அசையவில்லை, குமிழியும் இல்லை. கல்சியம் காபனேற்றாக இருந்திருந்தால் நுரைத்திருக்கும். இன்னொரு சீவலுக்கு ஐதான ஐதரோகுளோரிக்கமிலம்: ஓரம் மங்கி, மெலிந்து, சத்தமில்லாமல் கரைந்தன. ஆக, எந்த அமிலமும் கரைக்கும் என்று நான் சொன்னது பிழை. போன வருடப் பிள்ளைகளில் இரண்டு பேரின் நம்பர் இருக்கிறது, இரவே எழுதிவிட்டேன்.

இந்தக் கடிக்கு ஊசி மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிவிப் பழத்து ஊசிகளையும் புரதத்தை உடைக்கும் நொதியத்தையும் மயிர்க்கொட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியே கொடுத்தபோது பெரிய கெடுதி இல்லை. சேர்த்துக் கொடுத்தபோது புழுக்கள் செத்தன. ஊசி துளை போட, நொதியம் அதற்குள் இறங்குகிறது. அவித்தால் நொதியம் கெட்டுவிடும், ஊசி இருக்கும். அம்மாக்கள் சேம்பை நன்றாக அவியவிடுவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

கார்த்திகை 9

வினாகிரியின் அமிலம் வேறு, பழப்புளியின் அமிலம் வேறு. அதைச் சொல்லி முடிக்கமுன் அந்தப் பிள்ளை பையைத் திறந்தாள். யோகட் கோப்பையில் கரைத்த பழப்புளி, தும்பு வடித்தது. புதுச் சீவலில் ஒரு சொட்டு விட்டு நேரம் எழுதினாள்: 10.00.

இப்போது 10.20. கண் எடுக்காமல் நிற்கிறாள். ஊசிகள் இன்னும் தெரிகின்றன.