பதினெட்டு கிலோ

பிப்ரவரி 3, திங்கள்
எம்.டி. இன்னும் ஐ.சி.யூ.தான். யாரையும் உள்ளே விடவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்
எண்ணூர் விரைவுச் சாலையில் காலையிலிருந்து டிரெய்லர் நகரவில்லை. எங்கள் கன்டெய்னர் யார்டு கேட்டில் நின்று பார்த்தால் வரிசையின் வால் தெரியவில்லை. கேன்டீன் அக்கா வந்து, "இன்னிக்கும் பதினெட்டு கிலோவா சார்?" என்றார். எம்.டி. இருந்தால் இந்தக் கேள்வியே வராது. வண்டி நின்றால் அரிசி ஏறும். புளிசாதப் பொட்டலம், தண்ணீர் பாக்கெட். யார் யார்டு வண்டி என்று கேட்கக் கூடாது. போடுங்க என்றேன். வவுச்சரில் 'சொந்தக் கணக்கு' என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட அவர் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்
கண் திறந்தாராம். சின்னவர் சொன்னார். அதே மூச்சில் கேன்டீன் ஃபைலையும் கேட்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி
தூக்கமில்லை. திரும்பவும் அந்த ரீஃபர் பெட்டிகள், குளிரூட்டிய கன்டெய்னர்கள். மாதம் 40 பெட்டி இறைச்சி, பிளக் பாயின்ட்கூடத் தயார். "உயிரைக் கொன்னு வர்ற காசு நமக்கு வேணாம்" என்று பார்ட்டியை அனுப்பிவிட்டார். அந்த வருஷம் போனஸ் பாதி. அவர் தைப்பூசத்துக்கு வடலூரில் ஏழு திரை விலகுவதைப் பார்க்கப் போனார். நான் வளையலோடு சேட்டுக் கடையில் நின்றேன். அவர் ஜீவகாருண்யத்துக்கு என் வீட்டு வளையலா என்று கேட்டிருக்கணும்.

ஆனால் ஞாயிறானால் காசிமேட்டில் மீன் வாங்குகிறவன் நான். அதை ஒருநாளும் அவர் குத்திக்காட்டியதில்லை. சுங்கத்துக்குக் கொடுக்கிற ஷிப்பிங் பில்லில் நான் தப்பு பண்ணி ரெண்டு லட்சம் அபராதம் கட்டின அன்று, மெமோவைக் கையில் வைத்துக்கொண்டே "சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். சாப்பிட்டு வரச் சொல்லி, பிறகு மெமோவைக் கொடுத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு
மீன் வாங்கவில்லை. சும்மாதான்.

ஏழுகிணறு வீராசாமி தெருப் பக்கம் போனேன். வள்ளலார் இருந்த வீடு. அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வருவாராம். ஒருநாள் ராத்திரி பசியோடு திண்ணையில் படுத்தவரை, வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து எழுப்பிச் சோறு போட்டாளாம். எம்.டி. இதை மாதாந்திர மீட்டிங்கில் சொல்வார், டார்கெட்டுக்கு நடுவே. "அவருக்கு அம்மன் வந்தா. ரோட்ல நிக்கிற டிரைவருக்கு யாரு வருவா?" நாங்கள் மேசைக்கு அடியில் மணி பார்ப்போம்.

பிப்ரவரி 10, திங்கள்
வெளி வண்டிக்குச் சாப்பாடு நாளையிலிருந்து கிடையாது. காண்டிராக்ட் ஆட்களுக்கு 30 ரூபாய் டோக்கன். சின்னவர் கெட்டவர் இல்லை. கணக்கும் அவர் பக்கம்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்
1867-ல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. எங்களுடையது கேஸ். ராத்திரி ஒன்பதுக்கு அணைத்துவிடுவோம்.

வண்டி நிற்கிறது. அக்கா கேட்கவில்லை, அரிசி மூட்டைப் பக்கத்தில் படியோடு நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு என்றேன். வவுச்சர் இன்னும் என் சட்டைப்பையில்.

பிப்ரவரி 12, புதன்
மதியமே வரிசை கலைந்துவிட்டதால் நேற்று சோறு பாதி மிஞ்சியது. வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். சாயந்திரம் போகணும். சாத்துக்குடி வாங்கணும்.