நாலு விரல் சிவப்பு, ரெண்டு விரல் கறுப்பு

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, பள்ளியைப் பற்றி எழுதுவதா வீட்டைப் பற்றி எழுதுவதா என்று ரெண்டு நாள் யோசித்தேன். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் ஞாபகம் வருகிறது. பவானியில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும், நம் பள்ளிக்கூட மணி அந்தச் சத்தத்தின் மேல்தான் அடிக்கும். மணி கேட்டு ஓடினவர்களைவிட, "தறி நின்னுருச்சு, அப்பா சாப்பிட எந்திரிச்சுட்டாரு, அப்போ மணி ஒன்பது" என்று கணக்குப் போட்டு ஓடினவர்கள் எங்கள் வகுப்பில் அதிகம்.

எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. முன்னறைத் தரையில் குழி தோண்டியிருக்கும், விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். ஜமக்காளம் அகலமானது இல்லையா, பெரிய அளவு என்றால் ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தர் தள்ளுகிற நாடாவை, அதாவது ஊடை நூலைக் கொண்டுபோகிற கட்டையை, இன்னொருத்தர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் அப்படித்தான் நெய்தார்கள். வீட்டில் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் நாடா மட்டும் போய் வந்துகொண்டே இருக்கும், மத்தியானத்துக்குள் பேச்சும் வந்துவிடும்.

எந்த நிறத்துக்கு அப்புறம் எந்த நிறம், எந்தப் பட்டை எத்தனை விரல் அகலம் என்பதை அப்பா எங்கும் எழுதி வைத்ததில்லை. பாட்டாக வைத்திருந்தார். "நாலு விரல் சிவப்பு, ரெண்டு விரல் கறுப்பு, நாலு விரல் பச்சை, நடுவுல மஞ்சக் கோடு" என்று ஒரு மெட்டு. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "உங்க அப்பாரு பாடுவாரு அம்மிணி" என்பார், அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா, அவ்வளவுதான். சித்தப்பா கடைசி வார்த்தையை மட்டும் கூடச் சேர்ந்து இழுப்பார். பக்கத்து அறையில் ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கிற நூல்) சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா, அதே மெட்டில் எங்களைப் பற்றி வரி கட்டுவார். தம்பி பல்பம் தின்றது, நான் கணக்கில் குறைந்த மார்க் வாங்கியது, பால்காரர் வராதது எல்லாம் அந்த மெட்டுக்குள் வந்துவிடும். திட்டு வாங்குவதைவிட அந்தப் பாட்டில் வருவதற்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம், ஆனால் அடுத்த நாள் வராவிட்டால் ஏமாற்றமாகவும் இருக்கும்.

இதையெல்லாம் கலை என்று அன்றைக்கு யாரும் சொன்னதில்லை. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நான் ஊரை விட்டு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லதுங் கண்ணு, நூல் விலையைக் கொறைப்பாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பள்ளி விடுமுறைக்கு அந்தியூர்ப் பக்கம் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போவோம். மார்கழி பூராவும் வாசலில் கோலம் போட்டு, சாணப் பிள்ளையார் பிடித்து வைத்து, தலையில் பூசணிப்பூ செருகுவார் அமுச்சி. எனக்குப் பிள்ளையார் பிடிக்க மட்டும்தான் அனுமதி. கோலத்துக்கு மாவு கையில் நிற்க வேண்டும், "மாவு கையில நிக்கட்டும் அம்மிணி, அப்பறம் பாக்கலாம்" என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்டார். பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோன்பு அன்றைக்கு அந்தப் பிள்ளையார்களை எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டு பெண் பிள்ளைகள் கூட்டமாக ஆற்றுப் பக்கம் போவோம். போகிற வழியெல்லாம் ஆவாரம்பூ, போய்ச் சேர்ந்ததும் கும்மி. கட்டுச்சோறு இருக்கும், முறுக்கு இருக்கும், ஆனால் நாங்கள் காத்துக் கிடந்தது கும்மிக்குத்தான். வாய்விட்டுப் பாட எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வட்டத்தில் சேர்ந்தால் கை தட்ட வேண்டும், தட்டினால் வாய் தானாகத் திறக்கும்.

இரவில் உடுக்கடி. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாட ஆள் வந்தால் ஊரே கோயில் முன்னால் கூடும், எங்கள் வீட்டு ஜமக்காளத்தை நான் முதல் ஆளாகக் கொண்டுபோய் விரித்துவிடுவேன். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரலால் இறுக்கித் தளர்த்தும்போது அது அழும், சீறும், கெஞ்சும். படுகளத்தில் பொன்னரும் சங்கரும் விழுகிற கட்டம் வந்தால், கதை முழுக்கத் தெரிந்த, தங்கை தங்காள் வந்து எழுப்பிவிடுவாள் என்று தெரிந்த கிழவிகளும் ஒவ்வொரு முறையும் அழுவார்கள். அமுச்சி அழுதுகொண்டே மடியில் பஞ்சை வைத்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருப்பார், கை நிற்காது. கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1965-இல் காங்கேயம் பக்கம் ஒரு ஊரில் தங்கி, இந்தக் கதையைப் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூடவே ஒரு வலி. எங்கள் ஊருக்கு வந்து பாடியவரின் குரல் எந்த நாடாவிலும் இல்லை, அன்றைக்குக் கேட்ட எங்கள் காதுகளில்தான் இருக்கிறது.

சரி, பள்ளிக்கு வருகிறேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்குக் கும்மி ஆடுவது என்று முடிவாயிற்று. என்னோடு படித்தவர்களுக்கு இது மறந்திருக்காது. டேப் ரெக்கார்டர் வாங்கி வந்து, கேசட் போட்டு ஒத்திகை பார்த்தோம், ரெண்டாம் நாளே நாடா சிக்கி அறுந்துவிட்டது. பாட்டு டீச்சருக்குக் கும்மிப் பாட்டு அவ்வளவாகப் பழக்கமில்லை. யாரோ என் அம்மா பெயரைச் சொல்லிவிட்டார்கள். அம்மா அதுவரை என் பள்ளிக்குள் வந்ததே இல்லை. ராட்டையிலிருந்து எழுந்து, முந்தானையில் ஒட்டியிருந்த நூல் பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். டீச்சர் மேடையைக் காட்டி, "மேல நின்னு பாடுங்கம்மா" என்றார். "மேல நின்னா எனக்குத் தொண்டை வராதுங்க டீச்சர், புள்ளைங்களோட நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மைதானத்தில் எங்கள் வட்டத்துக்குள் வந்து நின்றார். அஞ்சு நாள் சாயங்காலம் பாடினார், ஆடினார், தப்பாகத் தட்டினவள் கையைப் பிடித்துத் தட்ட வைத்தார். விழா அன்றைக்கும் வட்டத்துக்குள்தான் நின்றார். மைக் மேடையிலேயே இருந்தது, கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் ரெண்டாம் பாட்டுக்கு, பார்க்க வந்திருந்த அம்மாமார்களில் பாதிப் பேர் எழுந்து வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, அவர் பெண்களுக்கும் அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் என்று படித்தேன். எனக்கு உடனே அம்மாவும் அந்த மைதானமும்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது நான் மெல்போர்னில் இருக்கிறேன். இங்கே மார்கழி என்றால் கொளுத்துகிற கோடை. அதிலும் ஒரு நல்லது, அந்த மாதம் தோட்டத்தில் பூசணி பூத்திருக்கும். சாணத்துக்குப் பதில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, என் மகள்தான் பூ செருகுவாள். கோலத்துக்கு அவளை மூன்று வருஷம் காக்க வைக்கவில்லை, முதல் நாளே மாவைக் கையில் கொடுத்துவிட்டேன், இதில் மட்டும் நான் அமுச்சியோடு ஒத்துப்போகவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளத்தைக் கூடத்தில் விரித்தே வைத்திருக்கிறோம். ரசம் கொட்டியிருக்கிறது, வீட்டுப்பாடத்துப் பேனா மை சிந்தியிருக்கிறது, ஒரு மூலையில் நாய் கடித்திருக்கிறது. தோழி ஒருத்தி, இதை மடித்துப் பத்திரமாக வைக்கலாமே என்றாள். உட்காராத ஜமக்காளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கேட்டதை அவள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு ராத்திரி எங்களோடு அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

போன குளிர்காலத்தில் மகள் கம்பளி நூலில் ஒரு மப்ளர் பின்னினாள். நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் அவள் வாய்க்குள் முனகுவது கேட்டது, நாலு விரல் சிவப்பு, ரெண்டு விரல் கறுப்பு. நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவே இல்லை, காய் நறுக்கும்போது பாடியிருப்பேன் போல. அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு மப்ளரைக் காட்டினோம். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கிட்டக் கொண்டு வரச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"பச்சை நல்லா வந்திருக்குது சாமி. ஓரம் இழுக்குது பாரு, கை இறுக்கமாப் போடறே. அடுத்த வரிசைக்குக் கையைத் தளத்தி விட்டுப் போடு."

மகள் அங்கேயே உட்கார்ந்து ஒரு வரிசை பிரித்துப் போட்டாள், அவர் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.