ஒட்டகக்காரரின் கொள்ளுப்பேரன் சிப்பாயானால்

தெற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மாரீ என்றொரு சின்ன ஊர். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஆப்கானியரும் பூர்வகுடிகளும். அங்கே பேரீச்சை மரங்கள், மண்சுவர்ப் பள்ளிவாசல், தொழுகைக்கு முன் கால் கழுவச் சிறு குளம். 1860களிலிருந்து ஒட்டகங்களோடு வந்து இறங்கியவர்கள் இந்த ஆப்கானியர். பலூச்சி, பஞ்சாபி என்று பலரும் இருந்தார்கள்; ஊர் எல்லாரையும் 'ஆப்கான்' என்றே கூப்பிட்டது. சிலர் பூர்வகுடிப் பெண்களை மணந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் முதல் உலகப்போருக்குப் போக நினைத்தால்? 1917-ல் ஆள் பற்றாக்குறை வந்ததும், பெற்றோரில் ஒருவர் ஐரோப்பியராக இருந்தால் கலப்பினத்தவரைச் சேர்க்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்பா ஆப்கானியர், அம்மா பூர்வகுடி என்றால் அந்தச் சலுகையும் கிடையாது. என்ன கணக்கோ! எப்படியோ சேர்ந்து சண்டை போட்டுத் திரும்பிய பூர்வகுடி சிப்பாய்களுக்கும் பல ஊர்களில் மதுக்கடைக்குள் இடமில்லை. மற்ற வீரர்களுக்குக் கொடுத்த நிலம் இவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது.

அப்புறம் 2001-ல் தொடங்கியது ஆப்கானிஸ்தான் போர். இப்படியொரு குடும்பத்துப் பையன் ஆஸ்திரேலியச் சீருடையில் அந்நாட்டு உருஸ்கான் மாகாணத்துக்குப் போயிருந்தால், சோதனைச் சாவடியில் கொள்ளுத்தாத்தாவின் முகச்சாயலில் நிற்கும் கிழவரைத்தானே தடவிச் சோதித்திருப்பான்? திரும்பி வந்து அவனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், மருத்துவர் எந்தப் போரிலிருந்து கேட்க ஆரம்பிப்பார்?

1997 முதல் 2021 வரை ஆஸ்திரேலியாவின் 1,677 படைவீரர்களும் முன்னாள் வீரர்களும் தற்கொலை செய்துகொண்டதாக அரசு விசாரணை ஆணையம் 2024-ல் சொன்னது. சண்டையில் செத்தவர்களைவிட இருபது மடங்குக்கும் மேல்.