வரவேற்பு மேசையில் ஃப்ரேசல் வெர்ப் படித்த அனுபவம்

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடொன்றைப் புதுப்பித்து நடத்தும் விடுதியில், வரவேற்புப் பணிக்குச் சேர்ந்தபோது எனக்கு ஆங்கிலம் எழுத நன்றாகவே வரும். ஆனால் வெளிநாட்டு விருந்தினர் இயல்பாகப் பேசும்போது பாதி பிடிபடாது. பள்ளியில் நாம் 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்குவிஷ்' என்று படிக்கிறோம். அவர்களோ பேச்சில் இவற்றையே 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்' என்கிறார்கள். வினையோடு 'ஆஃப்', 'அப்' போன்ற சிறு சொற்கள் சேர்ந்து வேறு பொருள் தரும் இத்தகைய தொடர்தான் 'ஃப்ரேசல் வெர்ப்'. 'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும். இரண்டும் சேர்ந்து ஒத்திவைப்பதைக் குறிக்கும் என்பதை அவற்றைத் தனித்தனியே அறிந்த ஒருவரால் ஊகிக்க முடியாது.

அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வது இதற்குப் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. எனக்கு வழி திறந்தது 'கோ ஆஃப்'. அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் ஒலிக்கிறது. விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைகிறது. பால் 'கோ ஆஃப்' ஆனால் கெட்டுப்போகிறது. விருந்தினர் மதுரைக்கு 'கோ ஆஃப்' ஆனால் புறப்பட்டுப் போகிறார். வினை மாறவில்லை, எழுவாய்தான் மாறுகிறது. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் எந்த வினையையும் தனியாக எழுதாமல், எது ஒலித்தது, எது கெட்டது என்று அதற்குரிய எழுவாயோடு சேர்த்து முழு வாக்கியமாகவே எழுதினேன்.

சில வினைகளில் செயப்படுபொருளைப் பார்க்க வேண்டும். முகப்பில் மங்கலான வெளிச்சத்தில் நின்று, தேக்குக் கதவின் செதுக்கலை 'மேக் அவுட்' செய்ய முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அது கண்ணுக்குத் துலங்கவில்லை என்று பொருள். அவரே மேசைக்கு வந்து, ரசீதைத் தம் நிறுவனத்தின் பெயருக்கு 'மேக் அவுட்' செய்யச் சொன்னால், எழுதித் தரக் கேட்கிறார். நமக்கு இது புதிதே அல்ல: பசி எடுக்கிறது, படம் எடுக்கிறார், விடுப்பு எடுக்கிறார் என்று நாள்தோறும் சொல்லும் நாம் 'எடு' என்பதன் பொருளைத் தேடி ஒருபோதும் நிற்பதில்லை.

பொருளைவிட அதிகக் காலம் பிடித்தது சொல் நிற்கும் இடம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடக்கும் முன் காலணியைக் கழற்றச் சொல்ல வேண்டும். 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றாலும் சரி, 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' என்றாலும் சரி. ஆனால் காலணிக்குப் பதிலாகப் பிரதிப்பெயர் வந்தால் 'டேக் தெம் ஆஃப்' மட்டுமே சரி. 'டேக் ஆஃப் தெம்' என்பது வழக்கில் இல்லை. 'லுக் ஆஃப்டர்' இப்படிப் பிரியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல 'லுக் ஆஃப்டர் தெம்' என்றே வரும். விமானம் 'டேக் ஆஃப்' ஆகும்போதோ செயப்படுபொருளே கிடையாது.

காதும் இதில் உதவும். செட்டிநாடு ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவரக் கேட்பவர் 'பிக் அஸ் அப்' என்னும்போது 'அப்' என்பதை அழுத்திச் சொல்வார். நம் ஓட்டுநர்கள் சொல்லும் 'பிக்கப்' பெயர்ச்சொல், அதன் அழுத்தம் முதலசையில் விழும். 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றில் வினைதான் அழுத்தம் பெறும். ஆகவே அழுத்தத்தைக் கவனித்தால், எது பிரியும், எது பிரியாது என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.

இப்போது மூன்று சொல் வினைகளைப் படித்துவருகிறேன். இவை பொருளில் கடினமானாலும் அமைப்பில் எளியவை. வெயிலைப் பொறுத்துக்கொள்வதற்கு 'புட் அப் வித் த ஹீட்' என்றாலும், வெயிலைச் சுட்டி 'புட் அப் வித் இட்' என்றாலும், செயப்படுபொருள் கடைசியில்தான் நிற்கும்.